அன்று வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட நால்வர்

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சராக இருந்தேன். பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காக இரண்டு பேர் வந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்று தலைமையாசிரியை சொன்னார்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில், படிப்பு வராத பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிடுவது எங்கள் வழக்கம். அதே பழக்கத்தில் குப்பத்துப் பெண் ஸ்டெல்லாவையும் இன்னும் மூன்று பேரையும் "நாளைக்கு வர வேணாம்" என்றேன். மறுநாள் என் வகுப்பு திக்காமல் வாசித்தது. வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வாசிக்கத் திணறும் பிள்ளைகள் உள்ள பள்ளிகளுக்குத் தனியாக ஒரு டீச்சரும் படப் புத்தகங்களும் தருகிறார்களாம். எங்கள் பள்ளிக்கு அது தேவையில்லையாம். அதற்காகத்தான் அந்த ஆராய்ச்சியே என்று அப்போதுதான் தெரிந்தது. கடிதத்தை மடித்து மேஜைக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதம், "நாளைக்கு இன்ஸ்பெக்டர் வராரு" என்று வகுப்பில் அறிவித்தேன். ஸ்டெல்லா தானாகவே எழுந்து நின்றாள்.

"டீச்சர், நாங்க நாலு பேரும் ஊட்லதானே இருக்கணும்?"

குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"இல்ல, வாங்க. நாலு பேரும் வாங்க."

"வந்து இன்னா டீச்சர் பண்றது? எங்களுக்குத்தான் படிப்பு வராதே."

அந்த வருஷம் முழுக்க நான் சொல்லிக்கொடுத்ததில், ஒரு பிழையும் இல்லாமல் அவள் கற்றுக்கொண்டது இதை மட்டும்தான்.