காற்று மெஷின்காரி ஊரடங்கைத் தாண்டிய கதை

காற்றை அழுத்தி அனுப்புகிற கம்ப்ரஸர் மெஷினுக்கு சர்வீஸ் செய்கிற எங்களை, யாரும் சந்தோஷமாக இருக்கும்போது கூப்பிட்டதே இல்லை. மெஷின் நின்றால்தான் எங்கள் ஞாபகம் வரும், அதுவும் திட்டிக்கொண்டே. சர்வீஸ் தொழில் வைத்து என்னைப் போல நொந்துபோன புண்ணியவான்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு ஒரு சின்ன ஷெட், ஒரு டூல் பாக்ஸ், ஒரு ஸ்கூட்டர். அப்புறம் இரண்டு ஆட்கள். சத்தத்தைக் கேட்டே மெஷினின் வியாதியைச் சொல்லும் பூந்தமல்லி ரஹீம் பாய் ஒருவர். எந்த இண்டு இடுக்கிலும் புகுந்து கழற்றி மாட்டும் நெமிலிச்சேரி டில்லி இன்னொருவன். இதில் ஒரு ஆள் போனாலும் போர்டைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கொரோனா ஊரடங்கு வந்தபோது வைரஸைவிட எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

ஓடாத மெஷினுக்கு வைத்தியம்

எஸ்டேட்டே மூடிக்கிடந்தது. எந்த மெஷினும் ஓடவில்லை, அதனால் எந்த மெஷினும் ரிப்பேர் ஆகவில்லை. சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அப்போதுதான் உறைத்தது. நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு, நிறுத்திவைத்த மெஷினின் டேங்கில் தேங்கிய தண்ணீர் அப்படியே துருவாகிவிடும். அடியில் இருக்கும் வால்வைத் திறந்து வடித்துவிட்டு, அவ்வப்போது கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினால் பிழைக்கும். பட்டரவாக்கத்தில் ரப்பர் கம்பெனி வைத்திருக்கும் முதலாளிக்குப் போன் போட்டு, இதை உங்கள் வாட்ச்மேனுக்கு நானே சொல்லித்தருகிறேன் என்றேன். பில் எவ்வளவு வரும் என்றார். பில்லே கிடையாது என்றதும் அவருக்கு சந்தேகம் அதிகமாகிவிட்டது. ஓசியில் தருகிறேன் என்றால்கூட நம்பமாட்டீர்களா என்று நான் ஒரு சத்தம் போட்ட பிறகுதான் வாட்ச்மேன் நம்பர் வந்தது.

வாட்ச்மேன் பெயர் கோவிந்தன். வீடு வேப்பம்பட்டில். ரயில் நின்றுபோனதால் கம்பெனிக்குள்ளேயே மாட்டிக்கொண்டவர். நான் சொல்லச் சொல்ல வால்வைத் திறந்தார், மூடினார், சுவிட்சைப் போட்டார், நிறுத்தினார். ஒரு தப்பு இல்லை. அடுத்த தடவை கூப்பிட்டு எல்லாம் விசாரித்துவிட்டுப் போனை வைக்கப் போனேன். அவர் சொன்னார்: "யம்மா, மெஷின் எப்டி கீதுன்னு ரெண்டு வாட்டி கேட்டுட்ட. நான் எப்டி கீறேன்னு இதுவரிக்கும் ஒருத்தரும் கேக்கல."

பாயின் காது

அதற்கப்புறம் எந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டாலும் முதலில் சாப்பாடு, பிறகுதான் மெஷின் என்று வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் எங்கள் வாடிக்கையாளர்களின் வாட்ச்மேன்கள் எல்லாரும் பாதி மெக்கானிக் ஆகிவிட்டார்கள். மிச்சப் பாதிக்கு ரஹீம் பாய் வேண்டியிருந்தது. அவர் தெருவையே அடைத்து வைத்திருந்தார்கள். மொட்டைமாடிக்குப் போய், போனிலேயே மெஷின் சத்தத்தைக் கேட்டு வைத்தியம் சொல்கிறேன் என்றார்.

முதல் நாளே சொதப்பினார். ஒரு வாட்ச்மேன் மெஷினை ஓடவிட்டு, பக்கத்தில் நின்று காட்டுக்கத்தலாகக் கத்துகிறார். பாயோ கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அல்லாவே, புது மெஷின் மாதிரி சத்தமே இல்லை, பேரிங் அருமையாக இருக்கிறது என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். விஷயம் என்னவென்றால், பேசும்போது போன் மனுஷக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரைச்சலையெல்லாம் அதுவே வடிகட்டி எறிந்துவிடுகிறது. எங்களுக்கு வேண்டியதே அந்த இரைச்சல்தான். பிறகு வீடியோவாக எடுத்து அனுப்பச் சொன்னோம். அதில் கேட்டால் பேரிங் கரகரவென்று அழுகிறது. அன்றிலிருந்து பாய் நோன்பு வைத்துக்கொண்டே, ஹெட்போனை மாட்டி மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வீடியோவாகக் கேட்டார். ஒரு மெஷினைக்கூடப் படுக்கவிடவில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை. அதை அவர் மனைவியிடம் போனில் சொன்னேன். அந்தம்மா சொன்னார்: "இத்தன வருஷத்துல நான் பேசுனத இவர் ஒரு நாள்கூட இப்புடிக் கண்ண மூடிக் கேட்டதில்ல மேடம்."

டில்லி போனான்

என்னால் பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. பாய் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். டில்லியும் வாங்கிக்கொண்டான், ஆனால் ஒரு நாள் திருமழிசை சந்தையிலிருந்து மச்சானின் குட்டியானை வண்டியில் தக்காளி ஏற்றி வந்து எங்கள் தெருவிலேயே விற்றுக்கொண்டு நின்றான். எனக்கு வந்ததே கோபம். நான் கற்றுக்கொடுத்த கையில் தராசா என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவன் வீட்டில் ஐந்து வாய், எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் கோபம் போய்விடுமா? அவன் தக்காளியை நிறுத்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னான்: "கோச்சிக்காதக்கா. ஒரு மெஷின் நின்னா நம்மள கூப்புடுவானுங்க. ஊரே நின்னுட்டா யாரு கூப்புடுவா?"

முதல் சத்தம்

எஸ்டேட் திறந்தது. திறந்த அன்று பல கம்பெனிகளில் டேங்கைத் திறந்தால் டீ நிறத்தில் துருத்தண்ணீர். வால்வு பிடித்துக்கொண்டது, மோட்டார் இறுகிக்கொண்டது. எங்கள் வாட்ச்மேன்கள் கவனித்த மெஷின்கள் மட்டும் சுவிட்சைப் போட்டதும் ஜம்மென்று ஓடின. சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், ஏன் சொல்லக்கூடாது? புது வேலையாக வந்து குவிந்தது. வேலை வந்தது, ஆள்தான் இல்லை. பாதி நாள் நானே ஸ்பேனரைப் பிடித்தேன். டில்லியைக் கூப்பிட ரோஷம் விடவில்லை. அவன் வண்டியில் கத்திரிக்காய் மட்டும் வாங்கினேன். பில்லைப் பற்றிச் சந்தேகப்பட்ட அந்த ரப்பர் முதலாளி அவராகவே போன் செய்தார்: "மேடம், எங்க லைன்ல மொதல்ல சத்தம் கேட்டது எங்க ஷெட்லதான். பக்கத்து கம்பெனிக்காரர் உங்க நம்பர் கேக்குறார். குடுத்தா எங்களுக்கு லேட்டா வந்துட மாட்டீங்களே?"

மூச்சு

அடுத்த அலை வந்தது. அதைப் பற்றி விளையாட்டாக எழுத எனக்கு மனசு வரவில்லை. ஆவடிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், காற்றிலிருந்தே ஆக்ஸிஜன் பிரிக்கும் பிளான்ட் போட்டிருந்தார்கள். அதற்கு உயிரே கம்ப்ரஸர்தான். அக்னி நட்சத்திர வெயிலில் அது சூடாகிச் சூடாகி நின்றது. போட்ட கம்பெனிக்காரர்கள் வெளிமாநிலம், வர வழியில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். கையிருப்பு சிலிண்டர்கள் கொஞ்ச நேரம்தான் தாங்கும். பாய்க்குச் சர்க்கரை வியாதி, அவரை அழைத்துப்போக மாட்டேன். பயந்துகொண்டே தனியாகப் புறப்பட்டேன். எப்படித் தெரிந்ததோ, பாய் சொல்லியிருக்க வேண்டும், என் ஷெட் வாசலில் குட்டியானை வந்து நின்றது. டில்லி இறங்கினான். டூல் பாக்ஸை எடுத்து வண்டியில் வைத்தான்.

மெஷினில் ஒரு குறையும் இல்லை. வெயில் படக்கூடாதென்று யாரோ நல்ல எண்ணத்தில் சுற்றித் தகரம் அடித்திருந்தார்கள். மெஷின் வெளியே விடுகிற அனலையே திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. டில்லி ஒரு பக்கத் தகரத்தை அப்படியே பெயர்த்தான். அதையே வளைத்து, அனல் வெளியே போகப் புகைபோக்கி மாதிரி கட்டினோம். வீடியோவில் சத்தம் கேட்ட பாய், போடு என்றார். போட்டோம். ஓடியது. நிற்கவே இல்லை. நான் மாஸ்க்குக்குள் அழுதேன், எழுதவும் வெட்கமில்லை. வார்டிலிருந்து ஓடிவந்த நர்ஸம்மா கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "இந்தச் சத்தத்துல தூங்கவே முடியலன்னு நேத்துவரைக்கும் எல்லா பேஷண்டும் புகார். இன்னிக்கு சத்தம் நின்னதும் ஒருத்தர் விடாம எழுந்து உக்காந்துட்டாங்க."

வேலையில் சேர்ப்பது

திரும்பும் வழியில் ரோஷத்தை விழுங்கினேன். தெருவில் வைத்துப் பேசியது தப்பு, சம்பளம் இனி முழுசாகத் தர முடியும், மறுபடி வந்து சேருவாயா என்று கேட்டேன். அவன் இல்லையென்றால் இந்தத் தொழில் எனக்கு ஓடாது என்றும் சொன்னேன். முன்னாடி ஒரு நாளும் நான் அவனிடம் சொல்லாத வார்த்தை. டில்லி வண்டியை ஓரம் கட்டி, என்னை ஒரு மாதிரி பார்த்தான்: "சேர்றதா? நான் எப்பக்கா நின்னேன்? நீதான் லீவு குடுக்காம கத்தினுகீற."

ஆகவே சகோதர சகோதரிகளே, பெருந்தொற்றில் சர்வீஸ் தொழிலைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி, மெஷின் நின்றால் உடனே கழற்றிப் பார்ப்பது, ஆள் நின்றால் வாயை மூடிக்கொண்டு கத்திரிக்காய் வாங்குவது.