சும்மா வெளிச்சம் பார்க்கிறேன்

எங்கள் அப்பா பொய் சொல்லித்தான் படம் பிடிப்பார். இலங்கையில், மாத்தளை டவுனில் அவருக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. தெருவில் காயப் போட்ட கிராம்பின் வாசனை படியேறி உள்ளே வந்து, படம் கழுவும் மருந்தின் புளித்த வாடையோடு கலந்து நிற்கும். நடுவில் கறுப்புத் துணி போர்த்திய பெரிய மரக் கேமரா. அப்பா பார்க்காத நேரத்தில் அந்தத் துணிக்குள் தலையை நுழைப்பேன். நாற்காலியும் அதில் இருப்பவர்களும் தலைகீழாகத் தொங்கியபடி சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகம் நிஜத்தில் அப்படித்தான் இருக்கிறது, நாம்தான் தவறாகப் பார்க்கிறோம் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷங்களில் ஸ்டூடியோவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இந்தியாவுக்குப் போகிறவர்கள். இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு நாட்டுச் சர்க்கார்களும் மலைநாட்டுத் தமிழர்களான எங்களைப் பங்கு பிரித்திருந்தன. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வந்து பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடித்துப் போவார்கள். நேரே பார்க்க வேண்டும், சிரிக்கக் கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும். ஒரு காது மறைந்தாலும் படம் திரும்பி வந்துவிடும். எங்கள் சனங்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் படமே அதுதான். அதனால் கேமராவைக் கண்டதும் கை தானாகப் போய் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிடும்.

கலியாணத்தன்றும் இதே கதைதான். மாப்பிள்ளை தலைப்பாகையை மேலே தள்ளி இரண்டு காதையும் வெளியே எடுத்து விடுவார். பெண் பூச்சரத்தைப் பின்னால் தள்ளி, மோவாயைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொள்வாள். தாலி கட்டி அரை மணி நேரம் ஆகாத இருவரும் அதிகாரிக்கு முன்னால் நிறுத்தப்பட்டவர்கள்போல நிற்பார்கள்.

"ரெடின்னு சொன்னாப் போதும், நம்ம சனங்க அந்த நிமிசமே பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போயிர்றாங்க" என்பார் அப்பா.

அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம்தான் அந்தப் பொய். கலியாண வீடுகளுக்கு அவர் கொண்டுபோவது வயிற்றோடு வைத்துக் குனிந்து பார்க்கிற சின்னப் பெட்டிக் கேமரா. "சும்மா வெளிச்சம் பாக்குறேன், நீங்க பாட்டுக்கு இருங்க" என்று சொல்லிவிட்டு எங்கோ பராக்குப் பார்ப்பார். இருவரும் மூச்சை விட்டு, தோளைத் தளர்த்தி, எதையோ சொல்லிச் சிரிக்கும்போது படம் எடுத்து முடித்திருப்பார். ஈ உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்காது. பிறகுதான் நிமிர்ந்து, "ரெடி! ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று கூவி, கேமராவின் தோல் உறையில் இருந்த பித்தளைப் பொத்தானை 'டக்' என்று அழுத்துவார். அந்த டக்கில் படமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு வாரம் கழித்துப் படத்தைப் பார்க்கிறவர்கள், "நாங்க எப்பங்க இப்பிடிச் சிரிச்சோம்?" என்று வாயைப் பிளப்பார்கள். ராசியான கை என்று ஊரில் பேர்.

இந்த ரகசியம் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. மாரியம்மன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னார்.

எல்கடுவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகள் ஒன்றில், அம்மாவின் அண்ணன், என் மாமா, இருந்தார். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாவின் தங்கையை, என் சித்தியை, அவர்தான் தூக்கி வளர்த்தார். மாமா குடும்பத்துக்கு இந்தியா என்று வந்துவிட்டது. சித்தியும் போவதாகத்தான் முதலில் இருந்தது. அவளுக்கும் காது தெரிய ஒரு படம் எங்கள் ஸ்டூடியோவில் பிடித்தாயிற்று. பிறகு தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்த ஒருவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவர் இந்த நாட்டுப் பிரஜை. மாமா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வைகாசியில் கலியாணம், ஆனியில் தனக்குப் பயணம் என்று அவரே நாள் குறித்தார்.

அப்பாவிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மச்சான், தங்கச்சி சிரிச்ச மாதிரி ஒரு படம் வேணும். கையோட கொண்டு போறதுக்கு."

"அது என் பொறுப்பு" என்று அப்பா சொன்னார். ராசியான கையல்லவா, அந்தத் தெம்பு.

கலியாணத்துக்கு முதல் நாள் அம்மாவும் நானும் எல்கடுவைக்கு ஏறிப் போனோம். அந்தி சாயுமுன் சித்தி என்னைப் பீலிக்குக் குளிக்கக் கூட்டிப் போனாள். மலையிலிருந்து மூங்கில் வழியாக விழும் தண்ணீர். மூட்டம் இறங்கி, கீழே இருந்த லயங்களும் கோயிலும் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் தண்ணீர்ச் சத்தமும் நாங்கள் இருவரும்தான் மிச்சம். என் தலையைத் தேய்த்துக்கொண்டே சித்தி கேட்டாள்.

"பாப்பா, ஒங்கப்பா நெசமா எப்பப் படம் புடிக்கிறாரு? அவரு ஏதோ தந்திரம் பண்றாருன்னு எனக்குத் தெரியும்."

சத்தியம் ஞாபகம் வந்தது. கூடவே, அவள் கையில் கிடந்த சிவப்புக் கண்ணாடி வளையல்களும் கண்ணில் பட்டன. ஆறு வளையலுக்கு மாரியம்மனை விற்றேன். வெளிச்சம் பார்க்கிறேன் என்றால் அப்போதுதான் படம், ரெடி என்றால் வெறும் சத்தம்.

"அப்ப, ரெடின்னா நிச்சயமாப் புடிக்கமாட்டாரா?"

"நிச்சயமா."

"நிச்சயமாவா பாப்பா?"

"நிச்சயமா சித்தி!"

கேமராவுக்கு இவ்வளவு பயமா என்று நினைத்துக்கொண்டேன். வளையல்கள் என் கைக்குப் பெரிதாக இருந்தன. கையைத் தூக்கியே வைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினேன்.

மறுநாள் தோட்டத்துக் கோயிலில் தாலி ஏறியது. கோயில் முன்னால் ஒரு சவுக்கு மரத்தடியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தினார் அப்பா. மூட்டம் வந்து இருவரையும் மறைக்கும், பிறகு மனசு இரங்கி விலகும். மாமா அப்பாவுக்குப் பக்கத்தில் தோளில் துண்டோடு நின்றார்.

"சும்மா வெளிச்சம் பாக்குறேன், நீங்க பாட்டுக்கு இருங்க."

மாப்பிள்ளை நிம்மதியாக மூக்கைச் சொறிந்தார். சித்தியின் கை காதுக்குப் போயிற்று. பூச்சரம் பின்னால் போயிற்று. மோவாய் நிமிர்ந்து, கண் நேரே கேமராவில் குத்தி நின்றது. அப்பா இடம் மாற்றினார். வேடிக்கை சொன்னார். கூட்டமே சிரித்தது, சித்தி சிரிக்கவில்லை. நான் வளையல் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ரெடி! ஒண்ணு..."

சித்தி தலையைத் திருப்பி மாமாவைப் பார்த்தாள். அவளைப்போல அழகான ஒருத்தியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கண் நிறைந்து வழிய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே பீலித் தண்ணீர் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் கண்டேன். மாமா துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தார். 'டக்' என்றது பித்தளைப் பொத்தான். சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கம்பமாக நின்றாள்.

இப்படி மூன்று தடவை நடந்தது. மூன்று தடவையும் அப்பாவின் விரல் பொத்தானில்தான் இருந்தது, கேமராவுக்குப் போகவே இல்லை. அவர் கவனிக்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். பறக்கிற தும்பியைக்கூடப் படத்தில் பிடித்த மனிதர் அவர்.

ஸ்டூடியோவின் சிவப்பு வெளிச்சத்தில் தட்டுத் தண்ணீருக்குள்ளிருந்து சித்தி மெல்ல மேலே வந்தாள். முதலில் காதுகள், பிறகு கண்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "என்னாங்க இது? காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு குடுக்க நிக்கிறவ மாதிரி நிக்கிறாளே!" அப்பா அடுத்த தாளைத் தட்டுக்குள் நழுவ விட்டார். நான் வளையல்களை அரிசி டின்னுக்குள் புதைத்தேன். அரிசி எடுக்கப் போன அம்மாவின் கையில் அவை மாட்டி, அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் ரகசியத்தை விற்றதை மட்டும் வாய் திறக்கவில்லை.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாமா படம் வாங்க வந்தார். அவர் கோபப்பட வேண்டும், அழவாவது வேண்டும் என்று கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "நல்லாருக்கு மச்சான்" என்றார். துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து எனக்குத்தான் அழுகை வந்தது. இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போகிற ரயிலை எங்கள் சனங்கள் அழுகைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். ஆனியில் மாமா அதில் ஏறினார். அதன்பிறகு அண்ணனும் தங்கையும் சந்திக்கவே இல்லை. ஒரு ஆடி மாதத்தில் டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்தபோது எங்கள் ஸ்டூடியோவும், அப்பா சேர்த்து வைத்திருந்த படச்சுருள்களும் போயின. அடுத்த வருஷமோ என்னவோ, கப்பலும் நின்றுபோயிற்று.

பல வருஷம் கழித்துக் கோத்தகிரிப் பக்கம் மாமாவின் வீட்டைத் தேடிப் போனேன். அங்கேயும் தேயிலை, அங்கேயும் மூட்டம். சுவரில் சித்தி, இரண்டு காதும் தெரிய, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. பீலியில் நடந்ததை மாமாவிடம் சொல்லி, என்னால்தான் உங்களுக்குச் சிரித்த படம் கிடைக்காமல் போயிற்று என்று மன்னிப்புக் கேட்டேன்.

மாமா சிரித்தார். "அதான் மூணு தடவ என்னப் பாத்தாளே பாப்பா. அத நான் கொண்டாந்துட்டேன். செவத்துல மாட்டுனா வர்றவன் போறவனெல்லாம் பாப்பான்."

கேமராவுக்குப் பயந்துதான் சித்தி அத்தனை தடவை நிச்சயமா, நிச்சயமா என்று கேட்டாள் என நினைத்திருந்தேன். யாரும் படமாகப் பிடித்துவைக்காமல் அண்ணனைப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. அந்த நேரத்தைத்தான் ஆறு வளையலுக்கு நான் அவளுக்குக் கொடுத்தேன் என்பது, அரிசி டின்னுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.