கால் வந்தால்தான் வளையம்

ரத்தினவேல் ஆசாரி புதிதாகச் செய்த விலங்கை முதலில் தன் காலில்தான் மாட்டிக்கொள்வார். மாட்டியபடியே கிலுங் கிலுங்கென்று ஆலங்குடிக் கடைத்தெருவுக்கு வெற்றிலை வாங்கப் போவார். "ஆசாரிக்கே முத்திருச்சுடோய்!" என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கத்துவார்கள். அவர் கவனமெல்லாம் கணுக்காலில். எங்கே உறுத்துகிறதோ, அந்த இடத்தை வீட்டுக்கு வந்து அரத்தால் ராவிவிடுவார்.

புத்தி பிசகினவர்களைப் பூசாரியிடம் கொண்டுபோய்க் கட்டிப்போடுவது இங்கிட்டு வழக்கம். வேப்பிலையும் பிரம்பும் பூசாரி பொறுப்பு; விலங்கு வீட்டார் பொறுப்பு. யுத்தத்தால் இரும்பு கிடைக்காமல், பழைய மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டையை வெட்டித்தான் ஆசாரி அதைச் செய்கிறார்.

கயிற்றில் அளவு எடுத்துவந்தால் விரட்டிவிடுவார். "கால் வந்தாத்தான் வளையம்." துருத்தி இழுக்கும் மனைவி சொர்ணவல்லி விடுவாளா? "கட்டுனவளுக்குக் கொலுசு அளவு பாத்ததில்ல. ஊர்க் காலுக்கெல்லாம் பாக்குறாக!"

கால் வந்தால் ஆளும் வருமே. அந்த ஆளிடம் ஆசாரிக்குப் பேச வேண்டும். ஒருத்தன் தன் காதுக்குள் ரயில் ஓடுகிறது என்றான். "எந்தூருக்குப் போகுது?" என்று கேட்டவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.

போன வெள்ளிக்கிழமை பிச்சைமுத்து தன் மனைவி செவந்தியோடு வந்தான். பிள்ளை பெற்று மூன்று மாதம். அவளுக்குத் தூக்கம் இல்லை, பிள்ளையைத் தொடுவதில்லை, கிணற்றடியில் போய்ப் போய் நிற்கிறாள்.

"டாக்டர்ட்ட காட்டுனியா?"

"காட்டுனேங்க. மிக்சர் குடுத்தாரு. இதுக்கு மேல மெட்ராசுக்குத்தான் போகணும்னுட்டாரு. மெட்ராசுக்கு நான் எங்கிட்டுப் போவேன்? நான் கண்ணசந்தா இவ கெணத்துல கெடப்பா ஆசாரி." அவன் கண்ணும் தூங்கின கண்ணாக இல்லை.

செவந்தி தானாகவே காலை நீட்டினாள். "இத மாட்டுனா தூக்கம் வருமா?" என்று கேட்டாள்.

ஆசாரி அவள் கணுக்காலைச் சாணால் அளந்துவிட்டு, ஒரு பட்டைத் துண்டை உலையில் செருகினார். "துருத்தியப் புடி ஆத்தா," என்றார்.

சொர்ணவல்லி எழுந்து இடம் விட்டாள். செவந்தி இழுத்தாள். காற்று புஸ்ஸென்று போயிற்று, வந்தது, போயிற்று. இரும்பு சிவந்தது. ஆசாரி அடித்து வளைத்தார். அந்த டங்கு டங்குக்கு நடுவிலேயே துருத்தி ஓய்ந்தது. செவந்தி கம்பத்தில் சாய்ந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

குறட்டில் பிடித்த வளையத்தோடு ஆசாரி தண்ணீர்த் தொட்டியருகே நின்றுவிட்டார்.

"முக்குங்க ஆசாரி. பொழுது சாயறதுக்குள்ள பூசாரி வரச் சொல்லியிருக்காரு."

"முக்குனா சுர்ருனு கத்தும்டா," ஆசாரி கிசுகிசுத்தார். "தானா ஆறட்டும். இன்னிக்கு ஆறாது."

பிச்சைமுத்து மனைவியின் முகத்தைப் பார்த்தான். சத்தமில்லாமல் அவள் பக்கத்தில் குந்தினான்.

ஆசாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சிவப்பு மாறாத வளையத்தை ஓசைப்படாமல் மணலில் இறக்கினார்.