சோஹிபா திருப்பிக் கேட்காத பொம்மை

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்து மழலையர் பள்ளியில் பெர்மெத் சோதித்த பத்தொன்பதாவது பிள்ளை சோஹிபா. நான்கு நாளாகக் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. வீட்டில் உஸ்பெக்கும் பள்ளியில் கிர்கிஸும் பேசுகிற ஐந்து வயதுப் பிள்ளைகள் ஏமாற்றத்தை எப்படித் தாங்குகிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போட நகர அலுவலகம் அவளை அனுப்பியிருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பொம்மையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை திருப்பிக் கேட்கிறதா, யாரிடமாவது போய்ச் சொல்கிறதா, எவ்வளவு நேரத்தில் தேறுகிறது என்று குறிக்க வேண்டும்.

சோஹிபா எதுவும் செய்யவில்லை. துணிப்பொம்மையை இரண்டு கையாலும் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். கன்னம் மட்டும் நனைந்திருந்தது. எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். இந்த மதிப்பெண்ணுக்குச் செப்டம்பரில் அவளுக்குப் பள்ளி முன்வகுப்பு கிடையாது, பின்தங்கியவர்கள் குழுதான்.

தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த ஆயா ஹோஸியத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, உன் பொம்மைதானே? கேளேன்" என்றாள் உஸ்பெக்கில்.

"விருந்தாளி நல்லாருக்குன்னு சொன்னா குடுத்துடணும். குடுத்தத கேக்கக் கூடாது" என்றது பிள்ளை.

"கேட்டியாம்மா பெர்மெத்? 'அடேயப்பா, எவ்ளோ அழகு'ன்னு வாயப் பொளந்தது நீ. அது என்ன பண்ணும்?"

பெர்மெத்துக்கு முகம் சுட்டது. பேசாமல் வாங்க வேண்டும் என்றுதான் கையேட்டில் இருந்தது. வீட்டிலேயே முதல் பட்டதாரி அவள்; அந்தக் கையேட்டை இரண்டு முறை படித்தவளும்கூட. ஆனால் அடுத்தவர் பொருளைப் புகழாமல் தொட அவளுக்கு வரவில்லை. பத்தொன்பது பேரிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

"அந்த ஒரு மதிப்பெண் தாளக் கிழிச்சுப் போடு. யார் பாக்கப்போறா?" என்றாள் விஷயம் கேட்டு வந்த தலைமையாசிரியை ருக்கியா.

"எல்லாத் தாளுமே தப்புக்கா. மறுபடி பாக்கணும்."

"இன்னும் நாலு நாளா? உன் இடுப்புகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

திங்கட்கிழமை சோஹிபா ஒரு கரடியோடு வந்தாள். பழைய பொம்மை பெர்மெத்தின் பையிலேயே கிடந்தது. திருப்பிக் கொடுத்தும் சோஹிபா வாங்கவில்லை. பெர்மெத் வாயை இறுக்கிக்கொண்டு கரடியை எடுத்தாள். திருடுவதுபோல் இருந்தது.

சோஹிபா அவள் முகத்தையே பார்த்தாள். பாராட்டு வரவில்லை.

"அது என்னோடது. குடுங்க." முதலில் உஸ்பெக்கில். பெர்மெத் அசையாததால் கிர்கிஸில் ஒரு முறை, இன்னும் சத்தமாக.

பெர்மெத் கரடியைக் கொடுத்தாள், கட்டத்தை நிரப்பினாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.