அம்பர் நத்தைக்குப் போட்ட உப்பு

அந்த நத்தையை நான் முதலில் பார்த்தது டெல்லி முனிர்காவில், மாரிமுத்துவின் நர்சரியில், ஒரு குரோட்டன்ஸ் தொட்டியின் விளிம்பில். எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். டெல்லியில் செடிகளைச் சோதிக்கும் அரசு அலுவலகத்தில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து எனக்கு இரண்டாவது வருடம். பூச்சியும் நோயும் இல்லை என்று நாங்கள் சர்டிபிகேட் கொடுத்தால்தான் செடிகள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறும்.

மாரிமுத்து சேலத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஓர் அதிகாரி வீட்டுக்கு மாலியாக, அதாவது தோட்டக்காரராக, டெல்லி வந்தவர், பிறகு குத்தகை நிலத்தில் சொந்தமாக நர்சரி வைத்திருந்தார். அவருடைய செடிகள் வெளிநாட்டுக்குப் போகவிருந்தது அதுதான் முதல் தடவை. வந்திருப்பவன் தமிழன் என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

நத்தை சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. தேன் நிற ஓடு. வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே உடம்பு தெரியும் அளவுக்கு மெல்லியது. என்னிடம் இருந்த கையேட்டில், ராட்சத ஆப்பிரிக்க நத்தைக் குஞ்சின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. வேறு மாநிலங்களில் தோட்டம் தோட்டமாக மொட்டையடித்த நத்தை அது. டெல்லியில் யாரும் கண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கண்டுபிடித்த முதல் ஆள் நான்தான் என்ற எண்ணம் வந்த பிறகு, கையில் இருந்ததை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

"இது இதுக்கு மேல பெருசாகாதுங்க சார்" என்றார் மாரிமுத்து. "மூணு வருசமா பாக்கறேன். மழை பேஞ்சா வாய்க்கா ஓரமெல்லாம் கெடக்கும். எலையக் கடிக்காது, பாசியத்தான் திங்கும்."

"இது குஞ்சு. வளர்ந்தா கை அகலம் வரும்."

அவர் ஒரு தொட்டியைச் சாய்த்து, அடியில் ஒட்டியிருந்த கூழ் மாதிரியான முட்டைகளைக் காட்டினார். "இதுவே முட்டை போடுதுங்களே. குஞ்சு எப்பிடிங்க சார் முட்டை போடும்?"

"இதப் பத்திப் படிச்சது நீங்களா, நானா?" என்று கேட்டேன். அவர் தொட்டியை நிமிர்த்தி வைத்தார்.

மேலதிகாரி மல்ஹோத்ரா என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுத் தோளில் தட்டினார். "ஷாபாஷ். டைரக்டர்கிட்ட நானே பேசறேன்" என்றார் இந்தியில். செடிகளை மறுநாளே எரித்தோம். ஸ்பிரிட் பாட்டிலில் நான்கு நத்தைகளை ஒரு விலங்கியல் நிபுணருக்கு அனுப்பினோம். நத்தைகளைக் கொல்ல, நர்சரி மண் முழுவதும் அடுத்த வெள்ளிக்கிழமை உப்புப் போட வேண்டும் என்று ஆர்டர் வந்தது.

நிபுணரின் கடிதம் அதற்கு மூன்று நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை வந்தது. தபாலைப் பிரித்தவன் நான். இவை ஆப்பிரிக்க நத்தைகள் அல்ல, அம்பர் நத்தைகள் என்று எழுதியிருந்தார். மரப்பிசின் காலப்போக்கில் இறுகிக் கல்லாவதற்கு அம்பர் என்று பெயர். அந்த நிறத்தால் வந்த பெயர் இது. அதே நிறத்துக்காக அதே பெயர் பெற்ற மீன்கூட உண்டாம். அனுப்பியவை முழு வளர்ச்சி அடைந்தவை, ஈரமான இடங்களில் சாதாரணமாக வாழ்பவை, கழுவி அகற்றினால் போதும் என்று முடித்திருந்தார்.

அன்று காலையில்தான் எனக்குப் பாராட்டுக் கடிதம் டைப் ஆகிறது என்று மல்ஹோத்ரா சொல்லியிருந்தார். நிபுணரின் கடிதத்தை டிராயரில், பழைய படிவங்களுக்கு அடியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை லாரியில் உப்பு மூட்டைகள் வந்தன. மாரிமுத்து என் பக்கத்தில் வந்து நின்றார். "சுண்ணாம்பு போடுங்க சார், எப்பிடியாச்சும் தேத்திக்கலாம். உப்புப் போட்டா மண்ணு செத்துரும்."

"மேல இருந்து ஆர்டர். என் கையில ஒண்ணும் இல்ல" என்றேன்.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தை எடுத்து, அன்றுதான் வந்ததுபோல் தேதி முத்திரை குத்தி மல்ஹோத்ராவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஜாக்கிரதையா இருந்ததுல தப்பில்ல. ஃபைலை மூடிடு" என்றார். பாராட்டுக் கடிதமும் வந்தது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் என் மனைவி அதைப் பிரேம் போடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நர்சரியில் பிறகு எதுவும் முளைக்கவில்லை. அடுத்த மார்ச்சில் மாரிமுத்துவைத் தேடிப் போனேன். சாணக்யபுரியில் ஒரு பங்களாவில் மறுபடியும் மாலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவை சாதாரண நத்தைகள்தான், அவர் சொன்னதுதான் சரி, நிபுணர் கடிதம் எழுதியிருக்கிறார் என்று சொன்னேன்.

அவர் குழாயை மூடினார். "அந்தக் கடுதாசி எப்பங்க சார் வந்துச்சு?"

நான் அங்கே போனதே அதைச் சொல்லத்தான். ஆனால் வாயில் வந்தது வேறு. "உப்புப் போட்டதுக்கு அப்புறம்" என்றேன்.

"அப்பறம் வந்தா நீங்க என்னங்க பண்ணுவீங்க? மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்றார். உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்து, மிச்சத்தையும் சொல்லிவிடுவது என்று மறுபடியும் போனேன். பங்களாவில் வேறு குடும்பம் இருந்தது. புதிய மாலிக்கு அவரைத் தெரியவில்லை. முனிர்காவிலும் விசாரித்தேன். ஊருக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், பரீதாபாத்தில் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். அதற்கு மேல் நான் தேடவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். நிறத்தையும் படத்தையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். செடிக்காரர் சொல்வதை ரிப்போர்ட்டில் அவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள். நீங்கள் செய்தது தப்பு என்று காட்டும் தபால் வந்தால் அன்றைக்கே மேசைமேல் வையுங்கள். நான் அப்படி வைத்திருந்தால் லாரி கிளம்பியிருக்காது. மாரிமுத்து என்னை மன்னித்தார்தான். ஆனால் நடந்தது என்ன என்று தெரியாமல் மன்னித்தார்.