மூன்றாவது மைக்

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர் மெல்லிசைக் குழு ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேலாக அறிவிப்பாளராக நிற்கிறேன். அந்தக் குழுவில் மூன்று பெண்கள் சேர்ந்து பாடுவார்கள். மூன்றாவது மைக்கில் நிற்பவர் பாடுவதே இல்லை, சும்மா வாயை அசைக்கிறார் என்று அத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதை வைத்து ஒரு ஜோக் வேறு செய்து வைத்திருந்தேன்.

"அடுத்ததா நம்ம முக்குயில்கள் வாராங்க. ரெண்டு குயில் கூவும். மூணாவது குயில் சேலைக்கு மேட்சிங்கா நிக்கும்."

கூட்டம் சிரிக்கும். அந்த மூன்றாமவரும் சிரிப்பார். அவர் சிரித்ததை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். அப்பேர்ப்பட்ட ஆள் நான்.

முதல் மைக்கில் மூத்த அக்கா. நடுவில் அவருடைய தங்கை, சின்னக்கா. மூன்றாவது மைக்கில் இவர்களுடைய அண்ணன் மனைவி. மூத்த அக்காவைவிட வயதில் சின்னவர்தான், ஆனால் முறைக்கு மைனி. அக்கா தங்கை இருவரும் மைனி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தபலாக்காரர், வேன் டிரைவர், நான், எல்லோருக்கும் அவர் மைனி ஆகிவிட்டார்.

இவர்கள் சேர்ந்து பாட ஆரம்பித்த கதையை ஒவ்வொரு வேன் பயணத்திலும் கேட்டிருக்கிறேன். அக்காவும் தங்கையும் மாதா கோயில் பாடற்குழுவில் இருந்தார்கள். அக்கா மெட்டைப் பாடுவார், தங்கை அதற்குக் கொஞ்சம் கீழே செகண்ட்ஸ் பாடுவார். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி மைனி வீட்டுக்கு வந்த புதிதில், இவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, அடுப்படியில் சீலா மீன் அறுத்துக்கொண்டிருந்த மைனி அங்கிருந்தே இரண்டு குரலுக்கும் கீழே ஒரு குரலைப் போட்டாராம். அக்கா பாட்டை நிறுத்திவிட்டு, "ஏளா, யாரது ரேடியோ வச்சது?" என்று கேட்டாராம். பாட்டு சொல்லிக்கொடுத்த உபதேசியார் மறு ஞாயிற்றுக்கிழமையே மைனியைக் கோயிலில் பாடற்குழு நிற்கிற மாடியில் ஏற்றி நிறுத்தினார். அவரே இவர்களுக்கென்று ஒரு மாதா பாட்டும் எழுதி, அஞ்சரைக் கட்டை சுருதியில் அமைத்துக் கொடுத்தார்.

இத்தனை தடவை கேட்ட கதை. அதில் மைனி பாடுகிறார் என்பது தெளிவாகவே இருக்கிறது. இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. "பாவம், முன்னே பாடியிருப்பாங்க, இப்ப மரியாதைக்காக நிறுத்தி வச்சிருக்காங்க" என்று நானாக ஒரு முடிவு கட்டியிருந்தேன்.

காரணம் இதுதான். பாட்டு நடக்கும்போது அறிவிப்பாளர் பாட்டைக் கேட்பதில்லை. மேடை ஓரத்தில், பெரிய ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று, அடுத்து சொல்ல வேண்டிய ஜோக்கை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். பாட்டு அவனுக்கு இரண்டு ஜோக்குகளுக்கு நடுவே வருகிற இடைஞ்சல். பகலில் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் யாராவது பேசும்போது, அடுத்து நான் என்ன சொல்லலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பேன் என்று மனைவி சொல்லுவாள். ஆபீசுக்கே வராதவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். வீட்டிலும் அப்படித்தானே என்றாள்.

அந்த மூன்று பேரும் பாடாத இடம் இந்தக் கரையில் கிடையாது. சர்ச் திருவிழாக்கள், ஆழ்வார்திருநகரியில் கல்யாண வரவேற்பு, விளாத்திகுளம் பக்கம் அம்மன் கோயில் கொடை. கொடைக்குப் போனால் மூன்று பேரும் நெற்றியில் ஒரு பொட்டை வைத்துக்கொண்டு அம்மன் பாட்டைப் பாடுவார்கள். சாமியாடுகிறவர்கள் எழுந்து ஆடிவிட்டால் அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். கேசட் காலத்தில் ஒரு கேசட் போட்டார்கள். பிறகு சிடி. இப்போது போனில் பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து பாடுகிற ஆட்கள் வந்து எங்கள் பாதிக் கச்சேரியை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனாலும் இறந்த ஆத்துமாக்களுக்கான கல்லறைத் திருநாளுக்கு மட்டும் இந்த மூன்று பேர் வந்தே ஆக வேண்டும். மெழுகுதிரி வெளிச்சத்தில், மைக் இல்லாமல், அழுகிற சனங்களுக்கு நடுவே நின்று பாடுவார்கள்.

ஒரு வருஷம் அப்படிப் பாடி முடித்தபோது, கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்த ஒருவர் ஓடி வந்தார்.

"அக்கா, இதுதான் சோல் மியூசிக். அமெரிக்காவுல மூணு பொம்பளைங்க நின்னு இப்படித்தான் பாடுவாங்க. கேட்டா புல்லரிக்கும்."

மூத்த அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "சோழனுக்கும் நமக்கும் என்னலே சம்பந்தம்? இது பாண்டியன் சீமைல்லா?"

"ஐயோ, சோழன் இல்லக்கா. சோல். சோல்னா ஆத்துமா."

மைனி மெழுகுதிரியை ஊதி அணைத்துக்கொண்டே சொன்னார். "ஆத்துமாக்கள் திருநாள்ல பாடுனா ஆத்துமாப் பாட்டுதான? இதக் கண்டுபிடிக்க அமெரிக்கா வரைக்கும் போனியளாக்கும்?"

அடுத்த மேடையில் இதை என்னுடைய ஜோக்காகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். மைனி அதற்கும் சிரித்தார்.

தொந்தரவு ஆரம்பித்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். உபதேசியார் எழுதிய மாதா பாட்டில் கடைசி அடியில் 'கரை' என்று ஒரு வார்த்தை வரும். படகுக்காரர்களைக் கரை சேர்க்கச் சொல்லி மாதாவிடம் கேட்கிற இடம். மெட்டு அங்கேதான் உச்சிக்கு ஏறும். அக்காவின் குரல் அந்த உச்சிக்குப் போய் நிற்க முடியாமல் உடைய ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது. பிறகு ஒவ்வொரு தடவையும். அவர் கரை போய்ச் சேருவதற்குள் கேட்கிற எங்களுக்கு மூச்சு வாங்கியது. யாரோ ஒரு புண்ணியவான் அந்த இடத்தை மட்டும் போனில் பிடித்து, சிரிக்கிற பொம்மைகளோடு வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். அது சுற்றிச் சுற்றி அக்காவின் போனுக்கே வந்தது.

கட்டையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னோம். பாட்டின் சுருதியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் உச்சியும் கீழே வந்துவிடும். இது எனக்கே தெரிந்த சங்கதி. ஆனால் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வருஷம் ஒரு கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது சொல்லியேவிட்டார்.

"அஞ்சரைனா அஞ்சரைதான். அதுல பாட முடியலைன்னா நிப்பாட்டிட்டுப் போறேன். வாற திருவிழாவோட சரி."

அப்படிச் சொல்லும்போது அவர் மைனி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் அதைக் கவனித்தேன். கவனித்து, கிழவிக்கு வீம்பு என்று அர்த்தம் செய்துகொண்டேன்.

அன்று வேன் எங்களை முத்தையாபுரம் விலக்கில் இறக்கிவிட்டது. சின்னக்காவும் அங்கேதான் இறங்குவார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், தனி வீடு. வழக்கமாக இறங்கியதும் விறுவிறுவென்று நடந்துவிடுகிறவர் அன்று நின்றார்.

"தம்பி, அக்கா நின்னுட்டா மைனி மேடை ஏறாது. நான் மட்டும் யாருக்கு செகண்ட்ஸ் பாட? எனக்கு வீட்டுல என்ன கெடக்கு, நாலு செவுரும் ஒரு டிவியும். நீங்கதான் வாய் பேசுத ஆளாச்சே. என்னத்தையாவது சொல்லி அக்காவ நிப்பாட்ட விடாதீங்க."

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் ஒரு காரியத்தை நம்பிக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவிடம் பேசிப் பலன் இல்லை என்பது தெரியும். அதனால் பேசாமல் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் கீபோர்டுக்காரர் புதிதாக வந்தவர். இப்போதைய கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், மொத்தச் சுருதியும் இறங்கிவிடும், வாசிக்கிற கை மாற வேண்டியதில்லை. திருவிழா அன்று சாயங்காலம் அவரைத் தள்ளிக்கொண்டு போய் டீயும் கீரை வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

"மாதா பாட்டு வரும்போது ஒரு கட்டை கொறச்சிருங்க. யாருக்கும் தெரியாது."

"அண்ணாச்சி, அக்காவுக்குத் தெரிஞ்சிட்டா?"

"கரை சேந்துட்டா எந்தப் படகுல வந்தோம்னு யார் கேக்கப் போறா?"

பேச்சு எனக்கே பிடித்துப்போனது. மேடைக்கு எடுத்து வைத்துக்கொண்டேன்.

மாதா பாட்டு கடைசியில்தான். வழக்கமான குயில் ஜோக்கைச் சொன்னேன். வழக்கம்போல் சிரித்தார்கள். கீபோர்டு ஆரம்பித்ததும் அக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தார். ஆனால் பாட்டு புறப்பட்டுவிட்டது, பாடித்தான் ஆக வேண்டும். பாடினார். குரல் பிசிறில்லாமல் வந்தது. நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று என் முதுகில் நானே தட்டிக்கொள்ளாத குறை. அன்று அடுத்த ஜோக் எதுவும் பாக்கி இல்லாததாலோ, செய்த திருட்டுத்தனத்தின் பயத்தாலோ, வாழ்க்கையில் முதல் தடவையாக முழுப் பாட்டையும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது அடியில் பாட்டு எங்கோ ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. அக்கா சரியாகத்தான் பாடினார். சின்னக்காவும் சரியாகத்தான் பாடினார். ஆனாலும் இரண்டு குரலும் காற்றில் தொங்கின. மைக் போய்விட்டதோ என்று சவுண்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் முழித்தார். மைனியைப் பார்த்தேன். மைனி வாயை மூடிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. மைனி ஏற்கெனவே ஒரு பெண் குரல் போகக்கூடிய அடிமட்டத்தில் பாடிக்கொண்டிருந்தவர். நான் கட்டையைக் குறைத்ததும் அவருக்குக் கீழே தரையே இல்லாமல் போய்விட்டது. இருபது வருஷமாக நான் கேட்காத குரல், இல்லாமல் போன அந்த நிமிஷத்தில்தான் எனக்குக் கேட்டது. சேலைக்கு மேட்சிங்காக நிற்கிறார் என்று நான் சொன்னதை நானே அன்று உண்மையாக்கிவிட்டேன். கீபோர்டுக்காரருக்குச் சைகை காட்டினேன். பாட்டின் நடுவில் சுருதியை மாற்ற முடியாது என்று அவர் தலையை ஆட்டினார்.

மூத்த அக்கா மெட்டைப் பாடுவதை நிறுத்தினார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆயிரம் சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் தங்கையைப் பார்த்து முகவாயை மேலே தூக்கினார். நீ மேலே போ என்று அதற்கு அர்த்தம். சின்னக்கா ஒரு கணம் திகைத்தார். பிறகு ஆயுள் முழுக்கச் செகண்ட்ஸ் மட்டுமே பாடிய அந்தக் குரல் மெட்டைப் பிடித்தது. மைனி ஒரு படி ஏறி, காலியாகிப்போன நடுவிடத்துக்கு வந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கீழே இறங்கினார். மேலே உடைந்துகொண்டிருந்த அந்தக் குரலுக்கு இத்தனை வயதுக்கு அப்புறம் கீழே ஓர் இடம் உண்டாகியிருந்தது. கரகரவென்று, ஆனால் உறுதியாக, மற்ற இரண்டு குரலையும் தாங்கிக்கொண்டது.

'கரை' வந்தது. சின்னக்கா அந்த வார்த்தையில் ஏறி நின்றார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். வியர்வைதான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். முடிவில் வந்து நன்றி சொல்ல வேண்டியவன் வாயைத் திறக்கவே இல்லை. பங்குச் சாமியாரே மைக்கை எடுத்து முடித்து வைத்தார்.

மேடைக்குப் பின்னால் மூத்த அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எவம்லே கட்டையில கைய வச்சது?"

கீபோர்டுக்காரர் ஒரு வினாடிகூடத் தாமதிக்காமல் என்னைக் காட்டினார். கீரை வடையின் விசுவாசம் அவ்வளவுதான்.

"நாந்தாங்க்கா. ஒங்களுக்குச் சுளுவா இருக்கட்டும்னு..."

"சுளுவாவா? கொறச்சா மைனிக்குக் கீழ எடமில்லாமப் போயிரும்னுதான ரெண்டு வருசமா தொண்டையக் கிழிச்சுக்கிட்டு நிக்கேன்? இல்லாட்டி எனக்கென்ன நேத்திக்கடனா, ஊரு சிரிக்கக் கத்தணும்னு?"

மைனி திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்திதான் போலிருக்கிறது. "என்னக்கா, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? நான் நடுவுல நின்னுக்கிட மாட்டனா?" என்றார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சின்னக்கா தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். அடுத்து யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று அவர் முகம் காத்துக்கொண்டிருந்தது.

"சரி, விடு. அடுத்த மேடையிலருந்து நிக்கிற வரிசைய மாத்திக்கிடுவோம்" என்றார் அக்கா. "சின்னவ மொதல்ல, மைனி நடுவுல. மூணாவது மைக் எனக்கு."

சின்னக்கா தண்ணீர் குடித்தார்.

எல்லாம் நல்லபடி முடிந்த இந்த இடத்திலாவது நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மனதில் கிடந்தது வாய் வழியாக வெளியே வந்துவிட்டது.

"அப்பம் மைனி, இத்தன வருசமும் நீங்க நெசமாவே பாடிக்கிட்டா இருந்தீங்க?"

கீபோர்டுக்காரர் வயர் சுற்றுவதை நிறுத்தினார். மைனி பிளாஸ்கைத் திறந்து, டீயை ஊற்றி, முதலில் அக்காவுக்குக் கொடுத்தார், பிறகு சின்னக்காவுக்கு. மூன்றாவது டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, ஒங்களுக்கு ஆண்டவரு காதக் குடுத்தது கண்ணாடி மாட்டத்தான்."