சித்தப்பா போட்ட பூட்டு

எங்கள் சித்தப்பா ஒரு விதி எழுதினால் உலகம் அசையாமல் நின்றுவிடும். சூரியன்கூட அவரிடம் பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டுதான் உதிக்கிறது. இது தெரிந்தவர்கள் மொத்தம் அறுபது பேர். அத்தனை பேரும் அவருடைய ஆபீஸில்தான் இருக்கிறார்கள், அத்தனை பேரும் அவரைத் திட்டுகிறார்கள்.

அது மூன்று மாடி இன்சூரன்ஸ் ஆபீஸ். யார் எந்தக் கம்ப்யூட்டரில் என்ன செய்யலாம் என்று சர்வரில் ஒரு விதி எழுதினால் போதும், அது தானாகவே எல்லா மெஷினிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை எழுதுவதுதான் சித்தப்பாவின் வேலை. அவர் புண்ணியத்தில் அங்கே பென் டிரைவ் சொருக முடியாது, கேம் போட முடியாது, திரையில் சொந்தக் குழந்தையின் படத்தைக்கூட வைக்க முடியாது. சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. ஒன்பது வருஷமாக ஒப்பந்த ஆள். அவரை நிரந்தரமாக்கும் கடிதத்தில் திங்கட்கிழமை மேனேஜர் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை மேனேஜர், "வெளியாள் ஒருத்தனும் நம்ம மெஷினைத் திறக்கக் கூடாதுய்யா" என்றார். எல்லாரும் கிளம்பிய பிறகு சித்தப்பா எழுதினார்: எல்லாருக்கும் தடை, ஊழியர்களுக்கு மட்டும் அனுமதி. சந்தோஷத்தில் கை ஓடிவிட்டது. தடையும் அனுமதியும் மோதினால் தடைதான் ஜெயிக்கும் என்பது புதிதாகச் சேர்பவர்களுக்கு அவரே நடத்தும் பாடம். 'எல்லாரும்' என்றால் ஊழியர்களும்தான். அவரும்தான்.

திங்கட்கிழமை காலை அத்தனை திரையிலும் ஒரே வாசகம்: உள்ளே நுழைய உங்களுக்கு அனுமதி இல்லை. அவருடைய மெஷினிலும் அதே. சர்வரிலும் அதே.

"என்ன சார், மொத்தமா எங்களை வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் தூங்கியிருப்பேனே" என்றார் க்ளெய்ம் பிரிவு அண்ணன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "பதினொரு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் அந்தக் கடிதத்தை மறந்துடுங்க."

வெள்ளிக்கிழமையிலிருந்து நெட்வொர்க்கில் இல்லாத மெஷின் ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும். அதற்கு விதி போயிருக்காது. அதற்குள் நுழைந்து, பிறகு கேபிளை மாட்டி, சர்வரில் இருக்கும் விதியை அழித்துவிடலாம். சித்தப்பா மாடி மாடியாக ஓடினார். ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் தவழ்ந்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது: ரெக்கார்டு ரூமில் எலி கேபிளைக் கடித்துவிட்டதாகப் போன வாரமே புகார். பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார். தன் சோம்பேறித்தனத்தைக் கும்பிட்டுக்கொண்டே மூன்றாம் மாடிக்குப் பறந்தார்.

ரெக்கார்டு ரூம் அக்கா பெருமையாகச் சிரித்தாள். "வாங்க தம்பி. நீங்க வர்ற வழியாக் காணோம். அதான் பக்கத்து மேஜை கேபிளை நானே எடுத்து மாட்டிட்டேன். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு எப்பவும் சொல்லுவீங்களே, அதையும் பண்ணிட்டேன்."

திரையில் அதே வாசகம் வந்து நின்றது.

"சரியாத்தானே பண்ணியிருக்கேன்?"

"சரியாத்தான்க்கா பண்ணியிருக்கீங்க" என்றார்.

மதியம் வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து திறந்துவிட்டுப் போனார்கள். மேனேஜர் தன் மெஷினில் முதலில் தேடி அழித்தது அந்தக் கடிதத்தைத்தான். இந்த மாதத்தோடு ஒப்பந்தமும் முடிகிறது. நடந்ததை விளக்கி எழுதிக் கொடுத்த காகிதத்தில் சித்தப்பா அந்த அக்காவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. வீட்டுக்கு வந்தார், முகம் கழுவினார், சாப்பிட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சிங்கம்.

பின்னால் நின்று இதுவரை படித்தவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"பொய் எழுதாதடா. பஸ்ஸுல நம்ம ஸ்டாப்பை விட்டுட்டு ரெண்டு ஸ்டாப் தள்ளித்தான் இறங்கினேன். அழுது முடிக்க வேண்டியிருந்துச்சு."